கல்வெட்டின் கடைசி வரிசை

1

என்னைப் பெற்ற ஐயா போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது. முதலாம் வருசத் திவசமான ஆட்டத்திவசத்துக்காக டென்மார்க்கிலிருந்து வந்து, உடுவிலில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரன் ஊருக்கு எழுதினால் பனி, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பனி பெய்கிறது. சம்பளம் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. படிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பிள்ளையின் படிப்பைப் பற்றி அல்ல, என்னுடைய படிப்பைப் பற்றி.

நேற்றுக் காலை தங்கச்சி அலுமாரியைத் திறந்து ஒரு புத்தகக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஐயாவின் கல்வெட்டு. அறுபது பிரதி மிச்சம் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். நான் ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அவளும் திரும்பக் கேட்காமல் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

மற்ற இடங்களில் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அது ஒரு சிறு புத்தகம். ஆள் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பது. முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், பிறகு செத்தவரின் குணநலங்கள். ஐயாவுக்கு முன்கோபம் இருந்ததை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. மேலே பூட்டன், பூட்டி. கீழே கீழே பெட்டிகள். கடைசி வரிசையில் பேரப்பிள்ளைகள்.

எங்கள் ஐயாவின் வம்சாவளியில் கடைசி வரிசையில் மூன்று பெட்டிகள். இரண்டு தங்கச்சியின் பெண்பிள்ளைகள். மூன்றாவது என்னுடைய பிள்ளை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பெயரில் இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. அதை அப்படி அச்சடிக்கச் சொன்னவன் நான்.

2

முப்பது வருசமாய் நான் இருப்பது டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினம். இருபத்தாறு வருசம் அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்றேன். அதை மூடியபோது நகரசபைக் கந்தோரில் இருந்த பெண் என் வயதைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முதியோர் பராமரிப்புப் படிக்கச் சொன்னாள். அப்படித்தான் ஐம்பத்தொரு வயதில் மறுபடியும் வாங்கில் போய் இருந்தேன்.

அந்தப் படிப்பில் உளவியலும் ஒரு பாடம். உளவியல் என்றால் விசருக்கு வைத்தியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புத்தகத்தைத் திறந்தால், பிறந்தது தொடக்கம் சாகும்வரை மனிதனுக்கு எட்டுப் படிகளாம். ஒவ்வொரு படியிலும் ஒரு சண்டை. கைக்குழந்தைக்கு நம்புவதா விடுவதா என்பது. இளம் வயதில் நான் யார் என்பது. நடுவயதுக்காரனுக்கு, அடுத்த தலைமுறையைத் தாங்குவதா, தேங்கி நிற்பதா என்பது. கிழவனுக்கு நிறைவா, விரக்தியா என்பது. அதற்குப் பிறகு மரபணு, இரட்டையர், அடையாளம், பால்நிலை என்று ஒவ்வொரு அதிகாரம்.

எங்களுக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான்: பாடமாக்குவது. யாழ்ப்பாணத்தில் சோதினைக்குப் படித்தவன் விளங்குகிறதா என்று நின்று பார்ப்பதில்லை. கேள்வியைக் கண்டதும் விடை வாயில் வந்தால் சரி. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு டெனிஷ் வரைவிலக்கணங்களைத் தேவாரம்போல ஓதினேன். உச்சரிப்பைத் திருத்த, பல்கலைக்கழகத்திலிருந்து வார இறுதிகளில் என் ஒரே பிள்ளை வருவாள்.

வருவாள் என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் வீட்டில் எல்லாருக்கும் அவள் மகன். மகனாய்ப் பிறந்து, மகன் என்று பதிந்து, நாங்கள் ஆசையோடு மகனாய் வளர்த்த பிள்ளை. பழைய பெயரை இங்கே எழுதமாட்டேன். அவ்வளவாவது படித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பால்நிலை அதிகாரத்துக்கு வந்தோம். உடம்பு ஒன்றைச் சொல்லும், ஆள் தன்னை உள்ளே வேறொன்றாய் உணரலாம், அது நோயல்ல, வளர்ப்புப் பிழையுமல்ல என்று ஒரு பந்தி. அவள் வாசித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றாள். விரலைப் பந்தியின் மேல் வைத்தாள்.

"அப்பா, இது நான்."

சோதினைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. என் மண்டைக்குள் வேறொன்றும் இல்லை. "உது சோதினைக்கு வருமோ?" என்று கேட்டேன்.

இப்படி ஒரு கேள்வியை வேறெந்த ஊர்த் தகப்பன் கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியாது. அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"வரும் அப்பா. என்ரை பேர் மீரா. அதையும் பாடமாக்குங்கோ."

3

சோதினை வாய்மொழியாக. மேசையில் துண்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஒன்றை இழுக்க வேண்டும். நான் இழுத்த துண்டில் அடையாளமும் பால்நிலையும் என்று இருந்தது. பிள்ளையார் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

வரைவிலக்கணம் சொன்னேன். படிகளைச் சொன்னேன். உதாரணம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று தொடங்கி, என்னுடைய குசினியை, என்னுடைய பிள்ளையின் விரலை, அப்படியே சொன்னேன். "சோதினைக்கு வருமோ" என்று தகப்பன் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன். வெளியிலிருந்து வந்த சோதனையாளர் ஒரு வயதான பெண். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பிள்ளை எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்றேன். அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான்.

பன்னிரண்டு புள்ளி தந்தார்கள். அந்த நாட்டில் அதற்கு மேல் புள்ளி இல்லை. வீட்டுக்குப் போய் மீராவுக்குச் சொன்னேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒன்றும் விடாமல் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். வளர்ந்த பிறகு அவள் அப்படிச் செய்தது அந்த ஒரு நாள்தான்.

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

4

மனைவிக்கும் அந்த ஞாயிறே தெரிந்துவிட்டது. மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெண்பிள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் ஒரு புத்தகமும் படிக்கவில்லை.

அரசாங்கத்துக்கும் இது பெரிய விசயமாக இருக்கவில்லை. அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். ஆணுக்குக் கடைசி எண் ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. விண்ணப்பித்து, யோசிக்கச் சொன்ன மாதங்கள் முடிந்தபிறகு, தபாலில் புதிய மஞ்சள் மருத்துவ அட்டை வந்தது. புதுப் பெயர், இரட்டை எண். மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள். வீட்டில் எல்லாருடைய இலக்கமும் எனக்குப் பாடம். அதையும் ஒரே பார்வையில் பாடமாக்கிவிட்டேன்.

ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் தமிழில் இதற்கு ஒரு ஒளிப்பிடம் இருக்கிறது. பிள்ளை என்றால் ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. "பிள்ளை, சாப்பிட்டாச்சோ", "பிள்ளை, எப்ப வாறாய்" என்று மாதக்கணக்காய் ஓட்டினேன். அவள் கவனித்தாள் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் கேட்கவில்லை. அப்பாவுக்கு நேரம் வேண்டும் என்று நினைத்திருப்பாள். நேரம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பயம் என்று ஒன்று இருந்தது, அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் காணாது.

கனடாவில் இருக்கும் மாமிக்கு, அதாவது மனைவியின் தாய்க்கு, செய்தி போனது. இது எந்தப் பக்கத்து இரத்தம் என்று தொலைபேசியில் கேட்டார். நானும் மனைவியும் மச்சான், மச்சாள். என் ஐயாவின் கூடப்பிறந்த தங்கச்சிதான் அந்த மாமி. எங்களுக்குப் பக்கம் என்று இரண்டு இல்லை. இதைச் சொன்னதும் மாமி தொலைபேசியை வைத்துவிட்டார்.

5

அந்த வருசமே ஐயா போனார். தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர் வரம்பில் இருந்தார், எழும்பவில்லை. மீரா என்னோடு வரக் கேட்டாள். பயணச்சீட்டு விலை, உன்னுடைய படிப்பு, வெயில் என்று மூன்று காரணம் சொன்னேன். நாலாவது காரணத்தை அவள் விளங்கிக்கொண்டாள். சரி அப்பா என்றாள்.

நான் வந்து இறங்குவதற்கு முன்பே தங்கச்சி மரண அறிவித்தலைக் கொடுத்துவிட்டாள். பேரப்பிள்ளைகள் வரிசையில் பழைய பெயர். தங்கச்சிக்கு அப்போது ஒன்றும் தெரியாது, நான் சொல்லியிருக்கவில்லை. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு மீரா தொலைபேசியில் எடுத்தாள். கோபிக்கவில்லை.

"உடுவில் மாமிக்குத் தெரியாதுதானே. கல்வெட்டிலையாவது என்ரை பேரைப் போடுங்கோ அப்பா."

"ஓம் பிள்ளை" என்றேன்.

அவளுக்குக் கல்வெட்டு தெரியும். எங்கள் அம்மாவின் கல்வெட்டில்தான் அவள் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகினாள். டென்மார்க்கில் ஒரு சின்னப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் அச்சில் பார்க்க வேறு எங்கே போகும். ஏழு வயதில் கடைசி வரிசையில் விரல் வைத்து, இது நான், இது நான் என்று வீடெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

செத்த வீட்டு ஆட்கள் குறைந்தபிறகு தங்கச்சிக்கு விசயத்தைச் சொன்னேன். குளிர் நாட்டு வளர்ப்பு என்றாள். இங்கே வளர்ந்திருந்தால் இப்படி வந்திராது என்றாள். வளர்ப்பல்ல என்று பந்தி பந்தியாய் எனக்கு விளக்க முடியும், பன்னிரண்டு புள்ளிக்கு விளக்கியவன். கல்வெட்டில் புதுப் பெயரைப் போடப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச வேண்டும் என்றாள் அவள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றாள். அதற்குமேல் தடுக்கவில்லை. பாவம், முழுப் பழியையும் அவள் தலையில் போட எனக்கு வழியில்லை.

அச்சகம் யாழ்ப்பாண ரவுணில். கையெழுத்துப் பிரதியில் மீரா என்று நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அச்சுப்படியை ஒப்புப் பார்க்கப் போனேன். புத்தகத்தில் மரபணு அதிகாரத்திலும் ஒரு வம்சாவளி இருந்தது, அதில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அச்சகத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெட்டிதான். கடைசி வரிசையில் மூன்றாவது பெட்டியில் மீரா என்று இருந்தது. வடிவாய்த்தான் இருந்தது.

அச்சகக்காரர் நல்ல மனிதர். கவனமான ஆள். இணையத்து அறிவித்தலையும் எடுத்து வைத்து ஒவ்வொரு பெயராய் ஒப்பிட்டிருந்தார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். அறிவித்தலில வேற பேரெல்லோ கிடக்கு, உங்கடை மகன்ரை பேர். உது ஆர் மீரா? மருமகளோ?"

பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கலியாணக் காட் அடிக்க நின்றார். ஐயாவோடு கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்தவர். காட்டின் நிறங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் குத்திக் கதைக்கவில்லை. மகள் என்று சொன்னால் முடிந்தது. அல்லது ஓம் என்று தலையாட்டினால்கூடப் பெயர் அப்படியே இருந்திருக்கும்.

"பிழையா விழுந்திட்டுது" என்றேன். "அறிவித்தலில கிடக்கிற பேரையே போடுங்கோ."

அவர் பேனையால் வெட்டி, மேலே பழைய பெயரை எழுதினார். பிழை என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல், குறை நினைக்க வேண்டாம் என்று அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

ஒன்றாய்ப் பிறந்து வேறு வேறு வீட்டில் வளர்ந்த இரட்டையரைப் பற்றிப் புத்தகத்தில் இருந்தது. தங்கச்சியும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அவள் உடுவிலை விட்டுப் போகவில்லை, நான் முப்பது வருசம் வேறொரு கரையில் இருந்தேன். நான் அச்சகத்து வாங்கில் இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம். அவளுடைய பயத்துக்காவது இரண்டு பெண்பிள்ளைகள் காரணம்.

6

அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் என் கையாலேயே கொடுத்தேன். அன்று பின்னேரம் யாரோ ஒரு உறவுக்காரர் கல்வெட்டைப் பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். நல்லெண்ணத்தில் போட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று.

மீராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். "மாமி அறிவித்தலில போட்டது எனக்கு நோகேல்லை அப்பா. அவவுக்கு அப்ப தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் சோதினையில சொன்னனீங்கள்."

நான் திரும்பிப் போனபோது அவளுடைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. பல்கலைக்கழக அறையில் வேறு யாரோ இருந்தார்கள். மனைவிக்கு ஒரு தபாலட்டை வந்தது: சுகமாய் இருக்கிறன், வேலை செய்யிறன், தேட வேண்டாம். அனுப்பியவர் விலாசம் இல்லை. மனைவி அதை எனக்குக் காட்டினாள். அவள் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாய் இருந்திருக்கும்.

நகரசபைக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண். மகனைத் தேடுகிறேன் என்று தொடங்கி, மகள் என்று திருத்தினேன். அந்த மொழியில் அவனும் அவளும் என் வாயில் எப்போதும் தடுமாறும், முப்பது வருசத்துப் பழக்கம். அவள் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. இலக்கம் கேட்டாள். பாடமாக்கிய இலக்கத்தைச் சொன்னேன், கடைசியில் இரட்டை எண். தட்டிப் பார்த்துவிட்டு, இந்த நபர் தன் பெயரையும் விலாசத்தையும் பாதுகாக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். நான் தகப்பன் என்றேன். விளங்குகிறது, ஆனால் தகப்பனுக்கும் சொல்ல முடியாது என்றாள். குரலில் ஒரு கடுமையும் இல்லை. அடுத்த துண்டின் இலக்கம் மேலே எரிந்தது, எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. கட்டிலில் இருக்கும் கிழவர்கள் எட்டாம் படியில் இருக்கிறார்கள். சிலரைப் பார்க்கப் பிள்ளைகள் வருவதில்லை. முன்பு அவர்களைப் பார்த்து, வெள்ளைக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் என்று மனதுக்குள் சொல்லுவேன். இப்போது, இந்த மனிசன் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கிறேன். புத்தகத்தின்படி எனக்கு ஏழாம் படி. அடுத்த தலைமுறையைத் தாங்குவதா, தேங்கி நிற்பதா. விடை எனக்குத் தெரியும், இனிச் சொல்லி என்ன.

7

திவசம் முடிந்தால், கோயிலுக்குப் போகக் கூடாத வருசத் துடக்கும் முடிந்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு இன்று பின்னேரம் தங்கச்சியோடு ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, நல்ல சனம். சங்கக் கடைக்காரரும் தூணடியில் நின்றார்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். தங்கச்சி தன் வீட்டுப் பெயர்களைச் சொன்னாள். நான் என் பெயரைச் சொன்னேன், மனைவியின் பெயரைச் சொன்னேன். குருக்கள் காத்துக்கொண்டு நின்றார்.

"மீரா" என்றேன். "அத்த நட்சத்திரம்."

"மகளோ?"

"ஓம். மகள்."

என் வாயால் அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல்முறை. குருக்கள் உள்ளே திரும்பி எங்கள் பெயர்களோடு அதையும் சேர்த்துச் சொன்னார், அடுத்த தட்டுக்குப் போனார். தங்கச்சிக்குக் கேட்டது. அவள் கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டு நின்றாள். சங்கக் கடைக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இதற்காகவா. அங்கேயே நின்று அழுதேன். ஐயாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணித் தங்கச்சி என் முதுகைத் தடவினாள்.

தட்டைத் திருப்பித் தரும்போது குருக்கள் கேட்டார்.

"மகள் அங்கையோ இருக்கிறா?"

"ஓம்."

அவர் ஒரு கடதாசித் துண்டை எடுத்து, திருநீறும் ஒரு பூவும் வைத்து, நாலாய் மடித்து என் கையில் தந்தார்.

"பிள்ளைக்கு அனுப்பி விடுங்கோ."

ஓம் ஐயா, அனுப்புறன் என்றேன். அவளுடைய விலாசம் எனக்குத் தெரியாது.